கல்முனைக் கரையிற் காணத்தக்கவை

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருவீதி, கல்லடிப் பாலத்தைக் கடந்ததும் கடலை இடப்புறத்தும் வாவியையும் வயலையும் வலப்புறத்தும் வைத்துக்கொண்டு நேரே ஓடுகின்றது. கோடை மாதங்களில் இவ்வீதியால் வரும் வெளிநாட்டுப் பயணிகள் மிகப் பலர். அவர்கள் நாடிச் செல்வது அறுகம்குடாவின் அலைகளை. அங்கு விரையும் வழியில், ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர் தொலைவில், கடைகளும் வாகனங்களும் சனத்திரளும் நிறைந்த பட்டினமொன்றை அவர்கள் கடந்து போகின்றனர். வாகனம் சற்று நின்றால் தேநீர் அருந்துகின்றனர், மீண்டும் ஏறிவிடுகின்றனர். அப்பட்டினமே கல்முனை. 1928 ஆம் ஆண்டில் மட்டக்களப்பு வரை வந்த இருப்புப்பாதை அதற்குத் தெற்கே வரவில்லையாதலால், இன்றும் கல்முனைக்குத் தெருவழியாகவே வருதல் வேண்டும். வந்தவர் ஒரு நாளேனும் தங்குவாராயின், காண்பதற்கு என்ன உண்டு என்பதே இங்கு கூற எடுத்துக்கொண்ட பொருள்.

வானளாவிய கோபுரமோ, ஒல்லாந்தர் கட்டிய கோட்டையோ கல்முனையில் இல்லை. முதற்கண் காணவேண்டியது ஊர்கள் அமைந்து கிடக்கும் வரிசையையே. வடக்கே பெரியநீலாவணை தமிழ் ஊர், அதனை அடுத்து மருதமுனை முஸ்லிம் ஊர், அப்பாற் பாண்டிருப்பு, பின்னர் கல்முனை, அதனோடு ஒட்டிக் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, அடுத்துக் காரைதீவு, அதன்பின் நிந்தவூர். இவ்வாறு தமிழூரும் முஸ்லிம் ஊரும் ஒரே சரத்திற் கோத்த இருநிற மணிகள் போல மாறிமாறி வருகின்றன. ஓரூர் எங்கே முடிந்தது, மற்றோரூர் எங்கே தொடங்கியது என்பதைப் புதியவர் அறிதல் அரிது. ஒரு சிறு தெரு, ஒரு வாய்க்கால், சில வேளைகளில் ஒரு வேலி, இவையே எல்லை. கோயில் மணியோசை கேட்ட தூரத்திற்குள்ளேயே பாங்கொலியும் கேட்கும். இரு சாராரும் பேசும் மொழி ஒன்றே.

ஊர்ப் பெயர்களே நிலத்தின் இயல்பை எடுத்துக் கூறிவிடுகின்றன. மருதமுனை, சாய்ந்தமருது என்னும் இரண்டிலும் மருத மரம் நிற்கின்றது. பழந்தமிழ் இலக்கணகாரர் கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் என்றும், வயலும் வயல்சார்ந்த இடமும் மருதம் என்றும் வகுத்தனர். இக்கரையில் நெய்தலிலிருந்து மருதத்துக்கு நடந்து செல்லக் கால்மணி நேரம் போதும். காலையிற் கரைவலை இழுக்கும் ஓசை கேட்கும் தெருவிலேயே மாலையில் நெல் மூடைகள் வந்திறங்கும். கிழக்கே மணல், மேற்கே வயல், இடையே ஓர் ஒடுங்கிய மேட்டு நிலம். இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அந்த மேட்டு நிலத்திலேயே நெருங்கி வாழ்கின்றனர். இலங்கையின் மிக நெருக்கமான குடியிருப்புகளுள் இதுவும் ஒன்று. இந்நெருக்கம் பின்னர் எத்துணைக் கொடிய விலையைக் கேட்டது என்பது கீழே வரும்.

இப்பகுதியைப் பழைய ஏடுகள் கரவாகுப்பற்று என்று குறிக்கின்றன. சம்மாந்துறைப்பற்று, நிந்தவூர்ப்பற்று, அக்கரைப்பற்று, பாணமைப்பற்று என்பன அதன் அயற்பற்றுகள். ஒல்லாந்தரும் பின்வந்த ஆங்கிலேயரும் இப்பற்றுப் பிரிவுகளை வைத்தே ஆட்சி செய்தனர். 1961 ஆம் ஆண்டு வரை இவையாவும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. அவ்வாண்டில் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. 1949 இல் தொடங்கப்பெற்ற கல்லோயாத் திட்டமே அதற்கு வழிகோலியது. பட்டிப்பளை ஆறு என்று கரையோர மக்கள் வழங்கிய ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனாநாயக்க சமுத்திரம் என்னும் பெருநீர்த்தேக்கம் அமைக்கப்பட்டது. மேற்கே புதிய குடியேற்றங்கள் எழுந்தன. மாவட்டத்தின் தலைநகர் உள்நாட்டில் அம்பாறையில் அமைந்தது. கரையோரப் பட்டினங்களோ தம் அலுவல்களுக்கு மேற்கு நோக்கிப் பயணஞ் செய்யலாயின. நீர் எங்கிருந்து வருகின்றது, யார் வாய்க்கால் முதலில் நிறைகின்றது என்னும் கேள்விகள் கல்முனை வேளாண்மக்களின் அரசியலில் அன்று புகுந்தவை, இன்றும் நீங்கினவல்ல.

இங்குள்ள முஸ்லிம்கள் எங்கிருந்து வந்தனர் என்று கேட்போர்க்கு ஒரே விடை கூறுதல் இயலாது. அரபுக் கடலோடிகள், மலையாளக் கரை வணிகர், தென்பாண்டிக் கரையின் மரைக்காயர் என்று பல ஓடைகள் வந்து கலந்தன. வரலாற்றுச் சான்றுள்ள ஒரு பெருநிகழ்ச்சி 1626 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மேற்குக் கரையிலிருந்து போர்த்துக்கீசர் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களை வரவேற்று, ஏறத்தாழ நாலாயிரவரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான். வந்தவர் வாணிகத்தோடு நில்லாது ஏரையும் பிடித்தனர். இலங்கையின் ஏனைய பகுதிகளிற் பலவற்றில் முஸ்லிம் என்றால் வணிகர் என்றே எண்ணுதல் வழக்கம். கல்முனைக்கு வருவோர் முதலிற் கைவிடவேண்டிய எண்ணம் அது. சம்மாந்துறையின் வயல்வெளியைப் பெரும்போக அறுவடைக் காலத்திற் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

வெளியிலிருந்து வருவோர் கண்ணுக்குத் தெரியாத காட்சி ஒன்றும் இங்குண்டு. அது குடிவழி. கிழக்கிலங்கையிற் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியாகக் குடி எண்ணுகின்றனர். தாயின் குடியே பிள்ளையின் குடி. ஒரே குடிக்குள் மணவினை ஆகாது. கோயில் வண்ணக்கரைப் போலவே பள்ளிவாசல் மரைக்காயரும் குடிக்கொருவராகத் தெரிவு செய்யப்படும் வழக்கம் பல ஊர்களில் இருந்து வந்தது. மகளுக்கு வீடு கொடுத்தல் கட்டாயம். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வருவான். இதனாற் தெருவின் ஒரு பக்கம் முழுதும் தாய், தமக்கை, தங்கை, தாயின் தங்கை என்று பெண்வழி உறவினர் வீடுகளாகவே இருப்பதைக் காணலாம். காயல்பட்டினத்திலும் வடமலபாரிலும் முஸ்லிம்களிடையே இதையொத்த வழக்கங்கள் உண்டு. அமெரிக்க மானிடவியலறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969 ஆம் ஆண்டு முதல் அக்கரைப்பற்றில் தங்கி இவ்வழக்கங்களை ஆராய்ந்தார். அவரது பெருநூல் 2008 இல் வெளிவந்தது. நம்மவருள் வித்துவான் வி. சி. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964 இலேயே இவற்றைத் தொகுத்துக் கூறியது. கல்முனைக்குப் புறப்படுபவர் அந்நூலை ஒருமுறை புரட்டிவிட்டுப் புறப்படுதல் நன்று.

இனிக் கடற்கரைக்குச் செல்வோம். கல்முனைக்குடியின் கீழ்பால், அலைநுரை வந்து தொடும் அணிமையில், வெண்ணிற மினாராக்களோடு நிற்பது கடற்கரைப் பள்ளிவாசல். நாகூர் ஆண்டகை எனப்படும் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் அமைந்த தர்கா அது. ஆண்டகை அடங்கியிருப்பது சோழநாட்டு நாகூரில். கல்முனையில் எவரும் அடங்கியிருக்கவில்லை. வெறுமையான இந்நினைவிடத்தின்முன் இரண்டு நூற்றாண்டுக் காலமாக மக்கள் கூடி வருகின்றனர் என்பதே இதன் சிறப்பு. ஆண்டகை பதினாறாம் நூற்றாண்டினர். கடலோடிகளின் காவலர் என்று அவரைக் கொண்டாடுவர். நடுக்கடலில் ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த கப்பலொன்றை, முடி மழித்துக்கொண்டிருந்த ஆண்டகை தம் கைக்கண்ணாடியை வீசி, அந்த ஓட்டையை அடைத்துக் காத்தார் என்னும் கதை நாகூரில் மட்டுமன்றி, தமிழ் மாலுமிகள் சென்ற துறைமுகமெல்லாம் சென்றது. சிங்கப்பூரின் தெலுக்காயர் வீதியில் 1828 க்கும் 1830 க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்காவும், பினாங்கில் அதே நூற்றாண்டிற் தோன்றிய நாகூர் தர்காவும் கல்முனைப் பள்ளியின் உடன்பிறப்புகள் எனலாம். வங்கக் கடலைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்தால், அவ்வட்டத்தின்மேல் இம்மூன்றும் விளக்கேற்றி வைத்தாற்போல் அமைகின்றன. நாகூரிலே மிக உயர்ந்த மினாராவைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங்கர் என்பதும் நினைவுகூரத்தக்கது. அவர் இந்து சமயத்தவர்.

ஆண்டுதோறும் இஸ்லாமிய மாதமாகிய ஜமாதுல் ஆகிர் தலைப்பிறையில் கல்முனையிற் கொடியேற்றம் நிகழும். கொடி நகர வீதி வழியே ஊர்வலமாக வரும், மினாராவில் ஏற்றப்படும், பன்னிரண்டு நாள் விழா நடந்து, முடிவிற் கந்தூரிச் சோறு வழங்கப்படும். றபான் முழங்கப் பக்கீர்மார், அதாவது பாவாக்கள், றிபாயி றாத்திபு ஓதுவர். மணலில் மிட்டாய்க் கடைகளும் வளையற் கடைகளும் விளையாட்டுப் பொருட் கடைகளும் நிரம்பும். முன்னாளில் அயலூர் இந்துக்களும் நேர்த்தி வைத்து இவ்விழாவுக்கு வந்தனர். பிறைக்கணக்கு ஞாயிற்றுக் கணக்கினும் பதினொரு நாள் குறைந்ததாதலால், கொடியேற்றம் ஆண்டுக்காண்டு முன்னோக்கி நகர்ந்து, முப்பத்துமூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒருமுறை சுற்றி வந்துவிடும். ஆகையாற் புறப்படுமுன் நாளை விசாரித்துக்கொள்ளல் வேண்டும்.

அண்மைப் பதின்மங்களில், கொடியேற்றமும் கந்தூரியும் மார்க்கத்துக்கு ஏற்புடையனவல்ல என்று கூறுவோரின் குரலும் இக்கரையில் வலுத்துள்ளது. அது மார்க்க அறிஞர் தம்முள் ஆராயவேண்டிய பொருள். வரலாறு அதிற் தீர்ப்புக் கூறாது. ஆயினும் நாகூர்க் கரைக்கும் மட்டக்களப்புக் கரைக்கும் இடையே பாய்க்கப்பல்கள் ஓடிய காலத்தின் சான்று கல்லாகவும் சுண்ணாம்பாகவும் கண்முன் நிற்குமிடம் இது என்பதை எத்தரப்பினரும் மறுக்கார். அச்சான்று அழியுமாயின் ஏட்டில் எழுதி அதனை ஈடுசெய்தல் இயலாது.

பள்ளியிலிருந்து வடக்கே சிறிது தூரம் சென்றாற் பாண்டிருப்பு. இங்குள்ள திரௌபதை அம்மன் ஆலயத்திற் புரட்டாதி மாதத்திற் பதினெட்டு நாள் விழா நடைபெறும். பாரதப் போர் பதினெட்டு நாள் நடந்தது என்பதே அதன் கணக்கு. ஊர்மக்கள் பாண்டவராகவும் திரௌபதையாகவும் கோலங்கொண்டு வனவாசம் செல்வர். அருச்சுனன் தவநிலை காட்டுவான். இறுதியிலே தீ மிதிப்பர். அதனைத் தீப்பள்ளயம் என்பது இவ்வூர் வழக்கு. பாண்டவர் இருப்பே பாண்டிருப்பு ஆயிற்று என்று ஊரவர் பெயர்க்காரணமும் கூறுவர். பெயராய்வாளர் இதனை ஒப்புவரோ என்னவோ, தீக்குழியின் அருகில் நிற்பவர்க்கு அந்த ஐயம் எழுவதில்லை.

பாண்டிருப்பை ஒட்டிய மருதமுனை தறிகளின் ஊர். பகற்பொழுதில் அதன் உட்தெருக்களில் நடந்தால் நாடா ஓடும் ஒலி வீட்டுக்கு வீடு கேட்ட காலம் ஒன்றிருந்தது. சாரமும் சேலையும் மருதமுனை நெசவென்றால் இலங்கையெங்கும் மதிப்புப் பெற்றிருந்தன. 1977 இற்குப் பின் இறக்குமதித் துணி தடையின்றி வந்தபோது கைத்தறி தளர்ந்தது. ஆழிப்பேரலை கடலோரத் தறிகள் பலவற்றைக் கொண்டு போயிற்று. எனினும் தொழில் அற்றுப் போகவில்லை. பயணி ஒருவர் கல்முனைக் கரையிலிருந்து எடுத்துச் செல்லத்தக்க பொருள் என்னவென்று கேட்டால், தறியிலிருந்து இறக்கிய ஒரு மருதமுனைச் சாரம் என்பதே விடை. எருமைத் தயிரும் நன்றே. ஆனால் அது மட்டக்களப்பு வரையிலுங்கூடப் பத்திரமாய்ப் போய்ச் சேர்வது சட்டியின் தலைவிதியைப் பொறுத்தது.

மருதமுனை புலவர்க்கும் பேர்போனது. புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் இவ்வூரவர், சிறுகதையாசிரியர் மருதூர்க்கொத்தனும் இவ்வூரவரே. அயலிலுள்ள பெரியநீலாவணையிற் பிறந்தவர் கவிஞர் நீலாவணன். 1931 இற் பிறந்து 1975 இல் மறைந்த அவர், கல்முனை எழுத்தாளர் சங்கத்தை உருவாக்கித் தமிழரும் முஸ்லிம்களுமான இளங்கவிஞர் பலரை ஒரு திண்ணையில் இருத்தினார். அவர் எழுதிய ‘வேளாண்மை’ என்னும் காவியம் இக்கரையின் உழவர் வாழ்வை அவர்தம் பேச்சு மணத்தோடு கூறுவது. அது நூலாக வெளிவந்தது அவர் மறைவுக்குப் பின்னரே. கல்முனைக்குடியிற் பிறந்த கவிஞரும் மொழியியலறிஞருமாகிய எம். ஏ. நுஃமான் இச்சூழலில் வளர்ந்தவர்.

தெற்கே காரைதீவு. இவ்வூரில் ஓர் இல்லமும் ஒரு கோயிலும் காணவேண்டியவை. இரண்டையும் சேர்த்தே காணவேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. 1892 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இங்கே மயில்வாகனன் என்னும் பிள்ளை பிறந்தது. கல்முனையிலிருந்த கிறித்தவப் பாடசாலையிலும் மட்டக்களப்பிலும் கற்று, விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே தேர்ந்து, துறவு பூண்டு சுவாமி விபுலானந்தரானது அப்பிள்ளையே. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931 இற் தமிழ்ப் பேராசிரியரானவர் அவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1943 இல் முதற் தமிழ்ப் பேராசிரியரானவரும் அவரே. அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சியின் பயனாகிய ‘யாழ்நூல்’ 1947 ஆம் ஆண்டிற் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அவ்வாண்டு யூலை 19 ஆந் திகதி அடிகள் மறைந்தார். காரைதீவில் அவர் நினைவாக மணிமண்டபம் எழுந்துள்ளது.

கோயிலோ கண்ணகி அம்மன் கோயில். மட்டக்களப்புத் தேசமெங்கும் கண்ணகி வழிபாடு வேரூன்றியது. வைகாசித் திங்களிற் கோயில் திறந்து, ‘கண்ணகி வழக்குரை’ படித்து, ஈற்றிலே குளிர்த்தி பாடி அம்மனின் சினத்தை ஆற்றுவர். யாழ்ப்பாணத்திற் சைவச் சீர்திருத்தம் பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கண்ணகி கோயில்கள் பல வேறு அம்மன் பெயர்களை ஏற்றுக்கொண்டன. கிழக்குக் கரை அவ்வாறு செய்யவில்லை. இங்கே கண்ணகி கண்ணகியாகவே நின்றாள். ‘யாழ்நூல்’ முளைத்தது சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு விளக்கம் காணும் முயற்சியிலிருந்தே என்பதை அறிந்தவர், இக்கோயிலையும் அவ்வில்லத்தையும் ஒரே நடையிற் காணும்போது, உலகப் புகழ்பெற்ற ஆராய்ச்சியொன்றின் விதை எந்த மண்ணில் விழுந்தது என்பதை உணர்வர். ஏட்டிலே கண்ணகியைக் கற்பதற்கு முன்னரே ஊர்க்கோயிலில் அவள் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர்.

இவ்வூர்கள் எப்பொழுதும் இணங்கியே வாழ்ந்தன என்று கூறுதல் உண்மையாகாது. 1985 ஆம் ஆண்டு ஏப்பிரலிற் காரைதீவில் மூண்ட கலவரமும், 1990 ஆம் ஆண்டின் கொலைகளும் இக்கரையின் தமிழ் வீடுகளையும் முஸ்லிம் வீடுகளையும் ஒருங்கே வெறுமையாக்கின. உடன்பிறந்தார் போற் பழகியோர் எல்லைத் தெருவைக் கடக்க அஞ்சிய ஆண்டுகள் அவை. 2001 இல் மாநகர சபையாக உயர்ந்த கல்முனையின் நிருவாக எல்லைகளைப் பற்றிய பிணக்குகள் அதன்பின்னும் தொடர்ந்தன. சந்தைதான் முதலில் வழி திறந்தது. மீன் விற்பவரும் மரக்கறி வாங்குபவரும் எத்துணைக் காலம் ஒருவரையொருவர் காணாதிருக்க முடியும்? கல்முனைச் சந்தையையும் காணத்தக்க இடங்களுள் ஒன்றாகச் சேர்ப்பதற்கு இதுவே காரணம்.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை. சுமாத்திராவிற்கு அப்பாற் கடலடியில் நிலம் பெயர்ந்து இரண்டு மணி நேரத்திற்குள் ஆழிப்பேரலை கிழக்கிலங்கையை அடைந்தது. இலங்கையில் உயிரிழப்பு மிகுந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இம்மாவட்டத்தில் மாண்டனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு ஆகியவற்றின் கடலோரத் தெருக்கள் அடிவாரத்தோடு பெயர்ந்தன. கடற்கரைப் பள்ளியைச் சூழ்ந்த குடியிருப்புகள் அழிந்தன, பள்ளி நின்றது. 1978 நவம்பர் 23 ஆந் திகதி வீசிய சூறாவளியையும் அது கண்டதுண்டு. அன்று வீழ்ந்தவை தென்னந்தோப்புகளும் கூரைகளும். இம்முறை வீழ்ந்தவை தலைமுறைகள்.

பின்வந்த இடர் வேறு வகையினது. அரசு 2005 இற் கிழக்கிலும் வடக்கிலும் கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என விதித்தது. பரந்த நிலமுள்ள ஊர்களுக்கு அவ்விதி பொருந்தியிருக்கலாம். கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக ஒடுங்கிக் கிடந்த கல்முனைக்கு இருநூறு மீற்றர் என்பது ஊரின் பெரும்பங்கு. வயலை நிரப்பினால் உணவும் வெள்ள வடிகாலும் போகும். கடலோரத்தில் இருந்தால் உயிர் போகும். விதி பின்னர் தளர்த்தப்பட்டது. அக்கரைப்பற்றுக்கருகே நுரைச்சோலையிற் சவூதி அரேபிய உதவியாற் கட்டப்பெற்ற ஐந்நூறு வீடுகள், எவருக்கு உரியவை என்னும் பிணக்கு நீதிமன்றம் வரை சென்றமையால், ஆண்டுக்கணக்கிற் குடியிருப்பாரின்றிப் புல் முளைத்துக் கிடந்தன. குடிவழி பற்றி மேலே சொன்னது இங்கு நினைவுக்கு வருதல் வேண்டும். அழிந்த வீடுகளிற் பெரும்பாலன பெண்களின் சீதன வீடுகள். புதுவீட்டுக்கான படிவங்களோ குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டன. தலைவர் எனின் ஆண் எனக் கொள்ளப்பட்டது. தாயிடமிருந்து மகளுக்கு வந்த உரிமை ஒரு படிவத்தின் ஒற்றை வரியிற் கணவன் பெயருக்கு மாறிய நிகழ்ச்சிகள் பல. பெண்கள் அமைப்புகள் இதனை எதிர்த்துக் குரல் எழுப்பின. பேரலை அசைக்காத வழக்கத்தை ஒரு காகிதம் அசைத்தது என்று சொன்னால் மிகையன்று.

நிந்தவூரைக் கடந்து களியோடைப் பாலத்தைத் தாண்டினால் ஒலுவில். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இங்கே அமைந்துள்ளது. 1995 இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, அடுத்த ஆண்டிலே பல்கலைக்கழகமாக உயர்ந்தது அது. அதனைக் கொணர முன்னின்றவர் சம்மாந்துறையிற் பிறந்து கல்முனையில் வாழ்ந்த எம். எச். எம். அஷ்ரப். சட்டத்தரணி, அமைச்சர், ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் தாபகர் என்று அறியப்பட்ட அவர் கவிஞருமாவார். ‘நான் எனும் நீ’ என்பது அவர் கவிதைத் தொகுதி. 2000 ஆம் ஆண்டு செப்டெம்பர் 16 இல் ஹெலிகொப்டர் விபத்தில் மாண்டார். ஒலுவிலுக்குத் துறைமுகம் வேண்டும் என்பதும் அவர் கனவு. டென்மார்க்கு நாட்டின் கடனுதவியோடு அமைந்த அத்துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்டது. ஆனால் வணிகக் கப்பல்கள் வரிசையாக வந்து போகும் இடமாக அது அமையவில்லை.

ஒலுவிலிற் பயணி காணவேண்டியது துறைமுகத்தையன்று, அதன் வடபுறத்துக் கரையை. இக்கடலோரத்தில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே மெல்ல மெல்ல நகர்த்துகின்றன. கடலுள் நீண்ட கல்லணைகள் அம்மணலை மறித்தன. தென்புறத்தில் மணல் குவிந்தது. துறைமுக வாயிலையும் தூர்த்தது. வடபுறத்துக்கு வரவேண்டிய மணல் வராமையால் அலை கரையைத் தின்னத் தொடங்கியது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. மீனவர் வலையுலர்த்திய நிலம் நீருட் போயிற்று. அரிப்பு நிந்தவூர்ப் பக்கமாகவும் பரவியது. கரைவலை இழுப்பவர்க்கு அகன்ற மணற்பரப்பு இன்றியமையாதது. மணல் போனாற் தொழிலும் போம். கற்களைக் கொட்டி அரிப்பைத் தடுக்கும் முயற்சி ஓரிடத்தைக் காத்து அடுத்த இடத்துக்கு இடரைத் தள்ளுவதையும் இங்கே நேரிற் காணலாம். புவியியல் கற்கும் மாணவர்க்கு இதைவிடத் தெளிவான பாடப்புத்தகம் இல்லை; அங்கு வாழ்வோர்க்கோ இது பாடமன்று.

பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகியவற்றை விரைந்து கடந்து விடலாம். மேற்கே உள்நாட்டிலுள்ள தீகவாபி பௌத்த தூபியைக் காண விரும்புவோர் இங்கிருந்து செல்வர். நேரமுடையோர் தெற்கே இன்னுஞ் சற்றுச் சென்று திருக்கோவிலைக் காணாது திரும்பலாகாது. சித்திரவேலாயுத சுவாமி ஆலயம் கடலருகே மணலில் நிற்கின்றது. போர்த்துக்கீசர் இடித்த கோயிலின் வழிவந்தது இது என்பர். விஜயபாகு என்னும் அரசர் பெயர் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இப்பகுதியிற் கிடைத்துள்ளது. சிங்கள மன்னர் பெயர், தமிழெழுத்து, சைவக் கோயில் என்னும் மூன்றும் ஒரு கல்லில் நிற்பதை, இந்நாட்டின் பழமை பற்றி வாதிடுவோர் ஒருமுறை வந்து காண்பது நலம். ஆடி அமாவாசையன்று மாவட்டத்தின் நாற்புறத்திலிருந்தும் மக்கள் இங்கு வந்து, கடலிற் தீர்த்தமாடி, இறந்த தந்தையர்க்குக் கடன் செய்வர்.

பயணத்துக்குரிய காலம் மாசி முடிவு தொடங்கிப் புரட்டாதி வரை. ஐப்பசியில் வாடைக்காற்று மாறி மழை பிடித்துவிட்டால் மார்கழி வரை தாழ்ந்த தெருக்களில் நீர் நிற்கும், கடலும் சினந்திருக்கும். கோடையிற் கடல் தணிந்து கண்ணாடி போற் கிடக்கும் விடியற்பொழுதில், சாய்ந்தமருதுக் கரையிலோ மருதமுனைக் கரையிலோ போய் நின்றால், இருபது முப்பது பேர் இரு வரிசையாகக் கயிற்றைப் பற்றி ஓசையெழ வலையிழுப்பதைக் காணலாம். வலையின் மடி கரையேற ஒரு நாழிகைக்கு மேலாகும். பார்த்து நிற்பவரையும் கயிற்றில் ஒரு கை கொடுக்கச் சொல்வார்கள்; கொடுத்தவர்க்குக் கறிக்கு மீன் உண்டு.